பத்துக்கு எவ்வளவு

“வலி பத்துக்கு எவ்வளவு சொல்லுவீங்க?” என்று கேட்டாள் சின்ன சிஸ்டர்.

“மூணு” என்றார் மெக்கானிக்.

சுத்தப் பொய். போர்வைக்கு அடியில் அவருடைய கை கட்டில் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தது. முகத்தில் மட்டும் ஒரு சிரிப்பை ஒட்டவைத்திருந்தார். காலையில் மாவுக்கட்டு போடுவதற்காக இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள். அந்த மரமரப்பு இப்போது மெல்ல விலக, கால் விழித்துக்கொண்டிருந்தது. சின்ன சிஸ்டர் நல்ல பெண். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போதே ஒவ்வொரு கட்டிலையும் பார்த்துத் தனித்தனியாகச் சிரிப்பவள். “மூணுதானா? ரொம்பப் பொறுத்துக்காதீங்கண்ணா. வலிச்சா ஒரு வார்த்தை சொல்லுங்க, ஊசி போட்டுடறேன்” என்றாள். ஊசி என்ற சொல் காதில் விழுந்ததும் அவருடைய வாயில் எச்சில் ஊறியது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஊறியது. உடைந்த எலும்பைவிட அந்த எச்சிலுக்குத்தான் அவர் அதிகம் பயந்தார்.

அந்த வார்டின் நடைமுறையை அவருக்கு விளக்கியது அடுத்த கட்டில் பஸ் டிரைவர். இடுப்பில் அடிபட்டுப் பல நாளாகக் கிடக்கும் மனிதர். வார்டுக்கே தான்தான் வழிகாட்டி என்ற நினைப்பு அவருக்கு. “இங்க நம்பர்தான் சார் பேசும். ஆறு வரைக்கும் மாத்திரை. ஏழைத் தொட்டீங்கன்னா ஊசி. நான் எட்டுன்னு சொன்னேன் பாருங்க, வந்து போட்டாங்க, அப்படியே மெதக்கற மாதிரி. ஜம்முனு ஒரு தூக்கம்!” என்றார். மெக்கானிக் தலையை ஆட்டிவைத்தார். அந்த மிதப்பைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பஸ் டிரைவர் வீட்டுக்குப் போனதும் அந்த ஊசியை மறந்துவிடுவார். பெரும்பாலான மனிதர்கள் அப்படித்தான். தான் அந்தப் பெரும்பாலானவர்களில் சேர்த்தி இல்லை என்பதை மெக்கானிக் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். வாழ்நாளெல்லாம் லிஃப்ட் ஏறி இறங்கும் இருட்டு ஷாஃப்ட்டுக்குள் கயிற்றைக் கட்டிக்கொண்டு தொங்கியவர், விழுந்தது என்னவோ படிக்கட்டில். ஒரு குடியிருப்பில் லிஃப்டைப் பிரித்துப் போட்டுவிட்டு, ‘பழுது, படியைப் பயன்படுத்தவும்’ என்று தன் கையாலேயே பலகை மாட்டிவிட்டு, அந்தப் பலகைக்குக் கட்டுப்பட்டுப் படியில் இறங்கினார். கடைசிக்கு முந்தின படி வழுக்கியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போனது. ஆம்புலன்ஸில் வந்தவர்கள் கதையைக் கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு அவருக்கே பாவமாக இருந்தது.

பல வருஷங்களுக்கு முன்னால் விழுந்தது அவர் இல்லை, ஓர் இரும்புச் சட்டம். மேலிருந்து சரிந்து அவர் தோளில் இறங்கியது. அறுவை முடிந்ததும் டாக்டர் ஒரு வலி மாத்திரை எழுதிக்கொடுத்தார். மார்ஃபின் குடும்பத்தைச் சேர்ந்தது. டாக்டர்மேல் தப்பு சொல்ல முடியாது, தோள் அப்படி நொறுங்கியிருந்தது. முதல் மாத்திரைகள் தோள்வலியை எடுத்துக்கொண்டு போயின. பின்னால் வந்தவை தூக்கம், வேலை, நண்பர்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போயின. அந்த நாட்களில் எந்த டாக்டர் கேட்டாலும் அவரிடம் ஒரே விடைதான்: பத்து. தோள் ஆறித் தழும்பு மங்கிய பிறகும் பத்து. சொல்லிச் சொல்லி உடம்பே அதைக் கற்றுக்கொண்டுவிட்டது. மாத்திரை தீருகிற அன்று தோள் நிஜமாகவே வலிக்கும். படமெடுத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது, ஆனால் இவருக்கு வேர்த்துக் கொட்டும், கண்ணீர் வரும். அது நடிப்பில்லை. நடிப்பாக இருந்திருந்தால் என்றைக்கோ நிறுத்தியிருப்பார்.

அதிலிருந்து அவரை மீட்டவள் அக்கா. ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர். கறை விஷயத்தில் அவளுக்கு ஒரே கொள்கை: கொதிக்கும் தண்ணீர், தயவு தாட்சண்யம் கிடையாது. தம்பியையும் அப்படித்தான் மீட்டாள். சிகிச்சைக்கு இழுத்துக்கொண்டு போனாள், திட்டினாள், பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள், மறுபடி திட்டினாள். அவர் எழுந்து நடந்து, திரும்ப வேலைக்குப் போய், நாலு பேர் மதிக்கிற மனிதராக ஆனது அப்படித்தான். அந்தக் கடனை இந்த ஜென்மத்தில் தீர்க்க முடியாது என்று அவருக்குத் தெரியும். தீர்க்க வேண்டாம், கெடுக்காமல் இருந்தால் போதும் என்பதே அவருடைய பிரார்த்தனை.

அதனால்தான் முந்தின நாள் சாயங்காலம் கால் முறிந்து வந்தவுடன், எலும்பு டாக்டர் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொன்னார்: “டாக்டர், ஒரு விஷயம். அந்த மார்ஃபின் வகையறா எதுவும் எனக்கு வேணாம். ஊசியாவும் வேணாம், மாத்திரையாவும் வேணாம்.”

“அவனுக்கு அது ஆகாது டாக்டர், அதுல விழுந்து எழுந்தவன்” என்று அக்கா பக்கத்திலிருந்து சேர்த்துக்கொண்டாள். சலவைக்கூடத்து இயந்திரச் சத்தத்தில் பேசிப் பழகிய குரல். அவசரப் பிரிவில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. மெக்கானிக்குக் காது சுட்டது.

டாக்டர் சின்ன வயசு. அக்கறையாகத்தான் பேசினார். “எங்க கண்காணிப்புல தர்றது வேற. ஒண்ணு ரெண்டு டோஸ்ல ஒண்ணும் ஆகாது. உடைஞ்சது எலும்பு சார், எதுக்கு வீணா கஷ்டப்படணும்?”

“இந்தக் கஷ்டம் ஆறிடும் டாக்டர். அந்தக் கஷ்டத்தையும் நான் பாத்திருக்கேன்.”

டாக்டர் பேனாவை மூடிவிட்டு அவரை ஒரு கணம் பார்த்தார். “சரி, உங்க உடம்பு, உங்க முடிவு. மரத்துப்போற ஊசி வேற வகை, அது போட்டுக் கட்டு போடறேன். அப்புறம் சாதா மாத்திரை, ஐஸ்னு பாத்துக்கலாம். எப்ப மனசு மாறினாலும் சிஸ்டர்கிட்ட சொல்லுங்க, போட்டுடுவாங்க” என்றார். நல்ல மனசோடு சொன்ன அந்தக் கடைசி வாக்கியம்தான் மெக்கானிக்கைப் பயமுறுத்தியது. மனசு எப்போது மாறும் என்று அவருக்குத் தெரியாதா? ஏழு, எட்டில் மாறும். கண்ணெதிரே ஊசியை எடுத்து வந்து, அந்தச் சின்னப் பெண் பரிவோடு ‘போட்டுடட்டுமாண்ணா’ என்று கேட்டால், ‘வேண்டாம்’ என்று சொல்லும் மனிதர் தனக்குள் இருப்பாரா, அவருக்கு நிச்சயமில்லை. அதனால் ஊசியைக் கிட்டேயே வரவிடாத நம்பர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். மூணு. பார்க்கிறவர்கள் நம்பும்படியான நம்பர், யாரையும் ஓடிவரச் செய்யாத நம்பர்.

மத்தியானச் சாப்பாட்டுத் தட்டு வந்து, தொடாமலே போனது. வலி மூணைத் தாண்டி, ஆறையும் தாண்டிக்கொண்டிருந்தது. உடைந்த இடத்தில் வலித்திருந்தால்கூட அவர் சகித்துக்கொண்டிருப்பார். இது ஆடுசதை முழுக்கப் பரவி, கட்டுக்குள்ளே யாரோ உட்கார்ந்து நெருக்குகிற மாதிரி இறுக்கியது. காலைத் தலையணைமேல் தூக்கி வைத்தும் அடங்கவில்லை, மாத்திரைக்கும் மசியவில்லை. கட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்த விரல்களில் எறும்பு ஊர்ந்தது. அடி ஓர் இடம், வலி வேறோர் இடமா? மெக்கானிக்குக் குப்பென்று வேர்த்தது. இந்த வலியை அவருக்குத் தெரியும். அப்படித்தான் நினைத்தார். மாத்திரை தீர்ந்த நாட்களில் தோளிலிருந்து கழுத்துக்கும் முதுகுக்கும் அலைந்து திரிந்த அதே பொய் வலி. ஊசி இருக்கிற வீட்டுக்குள் வந்து படுத்ததும் பழைய திருடன் மோப்பம் பிடித்துவிட்டான், காலுக்குள் புகுந்துகொண்டு நாடகம் ஆடுகிறான். ஆடட்டும். ‘உன் பப்பு இனிமேல் என்னிடம் வேகாது’ என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

அக்கா காலை முறை வேலை முடிந்து நேரே வந்தாள். வந்ததும் வராததுமாக மெத்தை விரிப்பின் ஓரத்தை எடுத்துப் பார்த்து, “இதைத் தோச்சவங்களை நிக்க வெச்சுக் கேக்கணும்” என்றாள். அப்புறம்தான் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். நெற்றி வேர்வையைப் பார்த்தாள், உதடு நடுங்குவதைப் பார்த்தாள். அவள் முகம் அப்படியே வெளுத்துவிட்டது. இந்த வேர்வை அவளுக்கும் தெரிந்த வேர்வைதான்.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் ஆயுளில் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தி, “தம்பி, இது கால் வலிதானே?” என்று கேட்டாள்.

ஆமாம் என்றால் அது பொய்யாக இருந்துவிட்டால்? இல்லை என்றால் இத்தனை வருஷமும் வீணா? அவர் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, “பொறுத்துக்கோ, போயிடும். முன்னாடியும் போச்சில்ல?” என்றாள். உலகத்திலேயே அவர்மேல் அதிகப் பிரியம் வைத்த இரண்டு பேர், அவளும் அவருமாக, அவருடைய காலைச் சாகவிட்டுக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்குமே அது தெரியவில்லை.

பிற்பகல் முறைக்குப் பெரிய சிஸ்டர் வந்தாள். போலீஸ் சிஸ்டர் என்பது பஸ் டிரைவர் வைத்த பெயர். சிரிப்பு கிடையாது, அண்ணா, தம்பி எதுவும் கிடையாது. கட்டில் கட்டிலாக வந்து, ஷீட்டைப் படித்து, ஆளைப் பார்த்து, மறுபடி ஷீட்டைப் படிப்பாள். மெக்கானிக்கிடம் வந்தாள்.

“பத்துக்கு எவ்வளவு?”

“மூணு.”

“மூணு இருக்கறவங்க கம்பியை இப்படிப் பிடிக்க மாட்டாங்க” என்று போர்வையை விலக்கிக் கையைப் பார்த்தாள். பிறகு, அந்த வார்டில் எந்த நர்ஸும் செய்து அவர் பார்க்காத ஒன்றைச் செய்தாள். வண்டியை ஓரம் தள்ளிவிட்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“இங்க பாருங்க. உங்களுக்கு அந்த ஊசி வேணாம்னு டாக்டர் எழுதியிருக்காரு. நீங்க சொல்லித்தான் எழுதியிருக்காரு. வேணாம்னா வேணாம். அந்தப் பேச்சு முடிஞ்சுது. நீங்க பத்துன்னு சொன்னாலும் நான் அதை எடுத்துட்டு வரப்போறதில்ல. ‘வேணுமா’ன்னுகூடக் கேக்கமாட்டேன். புரியுதா?”

மெக்கானிக் அவளையே பார்த்தார். “நானே கேட்டா?”

“கேட்டா, நேத்து நீங்க என்ன சொன்னீங்கன்னு முதல்ல உங்களுக்கு ஞாபகப்படுத்துவேன். உங்க அக்காவைக் கூப்பிடுவேன், டாக்டரைக் கூப்பிடுவேன். உக்காந்து பேசுவோம். உங்களை ஏமாத்தவும் மாட்டேன், உங்க மேல திணிக்கவும் மாட்டேன். நம்பர் ஊசிக்காக இல்ல. உள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியணும், அதுக்கு. இப்ப சொல்லுங்க.”

அவர் கம்பியிலிருந்து கையை எடுத்தார். எத்தனையோ டாக்டர்களிடம், எத்தனையோ மேஜைகளுக்கு முன்னால் உட்கார்ந்து நம்பர் சொல்லியிருக்கிறார். வாங்குவதற்காகச் சொன்னார், அப்புறம் தவிர்ப்பதற்காகச் சொன்னார். உள்ளதை உள்ளபடி சொன்னதாக ஒரு தடவைகூட நினைவில்லை.

“ஒன்பது” என்றார். சொன்னதுமே பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. “ஆனா சிஸ்டர், இது நெஜ வலியா, பழைய ஆசையான்னு எனக்கே தெரியல. எனக்கு அப்படி வரும். இல்லாத வலி வரும்.”

“அதைப் பாக்கறது என் வேலை. நீங்க எதுக்கு அதையும் சேத்துச் செய்யறீங்க?” என்றாள் பெரிய சிஸ்டர். அவள் கை அதற்குள் அவருடைய கால் விரல்களில் இருந்தது. விரல்கள் வீங்கிப் பளபளத்தன. தொட்டு, “இது தெரியுதா?” என்றாள். மந்தமாகத்தான் தெரிந்தது. பெருவிரலை மெல்ல, மிக மெல்லப் பின்னுக்கு வளைத்தாள். மெக்கானிக் போட்ட சத்தத்தில் பஸ் டிரைவர் தன் இடுப்பை மறந்து எழ முயன்று, அவரும் கத்தினார்.

“ஆசை விரலை வீங்க வைக்காது” என்று எழுந்தாள் பெரிய சிஸ்டர். அக்காவைப் பார்த்து, “கால் வலிதாங்க இது. நெஜக் கால் வலி” என்று சொல்லிவிட்டு டெலிஃபோனை நோக்கி நடந்தாள். நடக்கவில்லை, கிட்டத்தட்ட ஓடினாள்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. டாக்டர் வந்து விரலைத் தொட்டுப் பார்த்ததோடு சரி, கேள்வி எதுவும் கேட்கவில்லை. கட்டு அறுக்கும் சின்ன வட்ட ரம்பம் வந்தது. அது கர்ரென்று சுழன்றதும் அந்த வேதனையிலும் மெக்கானிக், “இதோட பேரிங் போயிடுச்சு டாக்டர், சத்தத்தைக் கேளுங்க” என்றார். “முதல்ல உங்க பேரிங்கைப் பாப்போம்” என்றார் டாக்டர், நிமிராமலே. நீளவாக்கில் கட்டை அறுத்து, இரண்டு பக்கமும் விரித்து, உள்ளே இருந்த பஞ்சையும் துணியையும் தோல் தெரியும் வரைக்கும் வெட்டினார்கள். நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் எழுந்து போனதுபோல இருந்தது. பொய்யில்லை, அவர் அப்படியே உணர்ந்தார். வலி ஒரேயடியாகப் போய்விடவில்லை. ஆனால் மூச்சு விட இடம் கொடுத்தது.

“இப்ப?” என்றாள் பெரிய சிஸ்டர்.

“அஞ்சு. இல்ல, இருங்க, ஆறு. ஆறுதான்.”

டாக்டர் விரல்களையும் ஆடுசதையையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அவர் தோள் கொஞ்சம் தளர்ந்தது. “உள்ள வீங்கியிருக்கு, கட்டு இடம் குடுக்கல. சதைக்கு ரத்தம் போறதே அடைபட ஆரம்பிச்சிருக்கு. இன்னும் விட்டிருந்தா காலைக் கிழிச்சுத் திறக்க வேண்டியிருந்திருக்கும். அதுக்கும் மேல விட்டிருந்தா...” என்று நிறுத்தினார். “அந்த அபாயம் இன்னும் முழுசாத் தாண்டல, பாத்துக்கிட்டே இருக்கணும். ஆனா நேரத்துக்குப் பிடிச்சிட்டோம். ஏன் சார், மூணு மூணுன்னே சொன்னீங்க?”

மெக்கானிக் காரணத்தைச் சொன்னார். டாக்டர் கேட்டுவிட்டு ரம்பத்தைக் கீழே வைத்தார். “நான் சொல்லியிருக்கணும். ஊசி வேணாம்னதும் எழுதிட்டுப் போயிட்டேன். உண்மையைச் சொன்னா ஊசி வந்துடும்னு பயப்படுவீங்கன்னு எனக்குத் தோணவே இல்ல” என்றார். போகும்போது அவருடைய கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனார். அக்கா சுவரோடு சாய்ந்து நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தன்னால்தானே கால் போயிருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ, அன்று முழுக்க அவள் குரல் வெளியே வரவில்லை.

ஆறு என்பது லேசான நம்பர் இல்லை. ஐஸ் பையும் சாதா மாத்திரையும் ஆறோடு மல்லுக்கட்டின. கட்டில்களுக்கு டீ வந்த நேரத்தில் மெக்கானிக்குச் சகிக்க முடியாமல் போனது. பெரிய சிஸ்டர் சொன்னபடி அடிக்கடி வந்து விரலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். “சிஸ்டர், கேட்டுடுவேன்போல இருக்கு” என்றார்.

“கேக்கணும்போல இருக்கா, கேக்கறீங்களா?”

அவர் யோசித்தார். நிதானமாக, ஒரு மோட்டாரின் சத்தத்தைக் கேட்டுப் பழுதைக் கண்டுபிடிக்கிற நிதானத்தோடு யோசித்தார். “கேக்கணும்போல இருக்கு. கேக்கல.”

“சரி. ஐஸ் மாத்தறேன்” என்றாள்.

அவ்வளவுதான். ‘சபாஷ்’ என்று சொல்லவில்லை, பாவம் என்று பார்க்கவில்லை. புது ஐஸ் பையைத் துணியில் சுற்றி, காலை ஒட்டி வைத்து, நகராமல் ஓரத்தில் ஒரு துண்டைச் செருகினாள். மெக்கானிக்குக் கை எடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது. தன் வார்த்தையை ஒருவர் அப்படியே எடுத்து, எடை போடாமல், சந்தேகப்படாமல், அதன்மேல் தன் வேலையைச் செய்துகொண்டு போவதை அவர் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று. “ரொம்ப நன்றி சிஸ்டர். நீங்க மட்டும் இல்லேன்னா...” என்று ஆரம்பித்தார். “நன்றி கெடக்கட்டும். ஒண்ணுக்கு வருதா, அதைச் சொல்லுங்க” என்றாள் அவள். பஸ் டிரைவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

மறுநாள் காலை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, அபாயம் தாண்டியாகிவிட்டது என்றார். வலி நாலில் நின்றது. மெக்கானிக் அதை நாலு என்றே சொன்னார். சின்ன சிஸ்டர், “நெஜ நாலா, பழைய மூணா?” என்று கேட்டாள். வார்டே சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார்.

அக்கா வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு வந்திருந்தாள். கையோடு வீட்டிலிருந்து ஒரு வெள்ளை விரிப்பு கொண்டுவந்து, நர்ஸ்கள் தடுத்தும் கேளாமல், தம்பியைப் பூப்போலப் புரட்டி மாற்றிவிட்டாள். ஓரத்தை இழுத்து மடித்துச் செருகிவிட்டு, “டாக்டர் உன்னைப் பத்தி ஏதோ பேசணும்னாரு. எந்த மாத்திரை, எப்படிக் குடுக்கணும்னு. நான் போய்க் கேட்டுட்டு வரேன்” என்றாள். இரண்டடி நடந்தவள் திரும்பினாள். “இல்ல, அவரை இங்க வரச் சொல்றேன். உன்கிட்டயே சொல்லட்டும். உன் கால், நீ கேட்டுக்கோ.”

அப்புறம் தோளிலிருந்த கைப்பையைக் கழற்றினாள். மெக்கானிக்குத் திக்கென்றது. அந்தப் பழைய நாட்களுக்குப் பிறகு, அவர் இருக்கிற அறையில் அக்கா அந்தப் பையைத் தோளிலிருந்து இறக்கி அவர் பார்த்ததே இல்லை. சமைக்கும்போதும் தோளில் இருக்கும், தூங்கும்போது தலைக்கு அடியில் இருக்கும். அதில் அவளுடைய முழங்கால் வலிக்கான மாத்திரைகள் இருந்தன, அவையும் மார்ஃபின் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். அவர் ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

“கனமா இருக்கு. இதைக் கொஞ்சம் பாத்துக்கடா” என்று பையை அவர் வயிற்றின்மேல் வைத்தாள். ஜிப் பாதி திறந்திருந்தது. சீப்பும் வீட்டுச் சாவியும் மாத்திரை அட்டையின் ஓரமும் தெரிந்தன. அவள் அதைக் கவனிக்காதவள்போல, முழங்காலை லேசாகச் சாய்த்துச் சாய்த்து நடந்து, வார்டின் நீளத்தைக் கடந்து, கதவைத் திறந்து வெளியே போனாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மெக்கானிக் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினார். பிறகு இரண்டு கைகளையும் பையின்மேல் வைத்துக்கொண்டு, கண்ணில் வழிவதைத் துடைக்கக்கூடக் கையை எடுக்காமல், கதவையே பார்த்தபடி படுத்திருந்தார்.